அன்றன்றைக்குரிய மன்னா

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களின் திருமண அழைப்பிதழ்கள் பலவற்றில், தேதிக்கும் இடத்துக்கும் முன்னால், ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று அச்சிட்டிருப்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, சமையற்காரரிடம் சொல்லி, தாலிக்குப் பொன் எடுத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திருமண அறிவிப்பாகிய ஓலையை வாசித்து முடித்த பிறகும், நடக்கவிருக்கிற காரியம் இன்னும் நம் கைக்குள் வந்துவிடவில்லை என்று ஊரறிய ஒப்புக்கொள்கிற வழக்கம் அது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், இன்றைக்கோ நாளைக்கோ இன்ன பட்டணத்துக்குப் போவோம், அங்கே ஒரு வருஷம் தங்கி வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று பேசிக்கொள்கிறவர்களைப் பார்த்து, “நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே” என்கிறார். நம் ஜீவன் கொஞ்சக்காலம் தோன்றிப் பின்பு தோன்றாமற்போகிற புகையைப் போன்றது என்றும் சொல்கிறார். வியாபாரத்துக்குப் போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. போகிறவன் யாருடைய தயவால் போகிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போகவேண்டும் என்றுதான் சொல்கிறார்.

ஆயுள் நிச்சயமில்லை என்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி அல்ல. நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதை இந்த உலகத்தின் பெருமையாகவே வள்ளுவர் சொல்லிவிட்டார். ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது என்ற இடத்தில்தான் நாம் ஒவ்வொருவரும் தடுமாறுகிறோம். பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மறக்க முடியாதபோது பயப்படுகிறோம். என் சிறுவயதில், கன்வென்ஷன் கூட்டங்களில் மேடையிலிருந்து, ‘இன்று இரவு நீ வீடு போய்ச் சேராவிட்டால் உன் ஆத்துமா எங்கே இருக்கும்?’ என்று முழங்கும் குரலைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். அந்தப் பிரசங்கியாரின் உண்மையான அக்கறையை நான் இப்போதும் சந்தேகிக்கவில்லை. ஆயினும் பயம் ஓர் இரவுக்கு மனிதனை முழங்காலில் நிறுத்துமேயன்றி, மறுநாள் காலையில் அடுப்பு மூட்டவும், பேருந்துக்கு நிற்கவும், பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்முகமாகப் பேசவும் கற்றுக்கொடுப்பதில்லை. மரணத்தை நினைத்து வாழ்வது வேறு, மரணத்துக்கு அஞ்சி வாழ்வது வேறு. முதலாவதை மோசேயின் ஜெபமாகிய தொண்ணூறாம் சங்கீதம் வரமாகக் கேட்கிறது: “நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி, எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்.” அந்த அறிவு நம்மை நன்றியுள்ளவர்களாக்குகிறதா, அப்படியானால் எதற்கு நன்றி என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

என் அம்மாவின் ஊர் பொறையார். அங்கிருந்து தரங்கம்பாடிக் கடற்கரை மிக அருகில் இருக்கிறது. நாட்களை எண்ணுவதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்த ஊருக்குத்தான் போகிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்த பழைய மாசிலாமணிநாதர் கோயில், இராஜ வீதியில் 1718-இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயம் ஆகிய மூன்றும் ஒரு சிறிய நடைக்குள் அடங்கிவிடும். அந்த ஆலயத்துக்குள்ளேதான் மிஷனரியாக வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜெர்மனியின் சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் 1682-இல் பிறந்தவர்; 1706 ஜூலை 9 அன்று, தம் இருபத்துநான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், ஏழு மாதக் கப்பல் பயணத்துக்குப் பிறகு தரங்கம்பாடியில் இறங்கியவர்; 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறு வயதில் இறந்தவர். அவர் எழுப்பிய ஆலயம் பிரதிஷ்டையான சில மாதங்களுக்குள் அதுவே அவருடைய கல்லறையாயிற்று.

அவருடைய வாழ்க்கையில் நிச்சயமாக இருந்தது என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. இளமையிலேயே நோயாளி, ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாதபடி உடல் நலிவு குறுக்கிட்டது. வந்து இறங்கிய இடத்தில் கோட்டைத் தளபதிக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1708-இன் இறுதியில் பிடித்து அடைக்கப்பட்டுச் சில மாதங்கள் சிறையில் இருந்தார். இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட அச்சு இயந்திரம் 1712-இல் வந்து சேர்ந்தபோது, அதை இயக்குவதற்காகக் கூடவே புறப்பட்ட அச்சுக்காரர் வரவில்லை. வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். அப்படியிருந்தும் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. உடனே பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ரூத்தின் புத்தகம் வரை வந்தபோது அவருடைய நாட்கள் முடிந்தன. உடன் ஊழியரான குருண்ட்லர் மறு ஆண்டே இறந்தார். மீதியைப் பின்னால் வந்த பெஞ்சமின் ஷுல்ட்சே முடித்தார்.

ரூத் வரை என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சாமுவேலும் சங்கீதமும் ஏசாயாவும் இன்னும் தொடப்படாமல் முன்னால் மலைபோல் கிடக்கின்றன. உடல் நலமில்லாத ஒருவர், தாம் முடிக்கப்போவதில்லை என்று எளிதாக ஊகித்திருக்கக்கூடிய ஒருவர், ஆதியாகமத்தின் முதல் வசனத்தை எந்தத் தைரியத்தில் தொடங்கினார்? முடிக்கிற உரிமை தமக்கு உண்டு என்று அவர் எண்ணியிருந்தால் தொடங்கியே இருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தந்த நாளின் பக்கத்தை அந்தந்த நாளில் எழுதுவதே அவருக்குக் கொடுக்கப்பட்ட பங்காக இருந்தது. இன்று நாம் ரூத்தைத் தமிழில் வாசிக்கிறோம் என்றால், முடிவு தெரியாத வேலையை ஒருவர் நன்றியோடு ஏற்றுக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

அதே கடற்கரையில்தான் 2004 டிசம்பர் 26 வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுப் பின் அந்த அலை நம் கரையை எட்டியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த கடற்கரைகளில் மாண்டவர்கள். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பு, நாகப்பட்டினத்து நம்பியார் நகர், அக்கரைப்பேட்டை, பண்டிகைக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர்கள் நிறைந்த வேளாங்கண்ணி என்று அந்தப் பெயர்களை இன்றும் தொடர்ச்சியாகச் சொல்ல நாக்கு தயங்குகிறது. கோயிலுக்குப் போகிறவர், மசூதிக்குப் போகிறவர், முந்தைய நாள் புத்தாடை உடுத்தித் திருவிருந்தில் பங்கெடுத்தவர் என்று அலை யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஐந்து நாட்கள் கழித்து டிசம்பர் 31 இரவு, வழக்கம்போல் வருடக் கடைசி ஆராதனை. நம் சபைகளில் அந்த இரவு சாட்சிகளின் இரவு. கடந்த ஆண்டில் கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையைக் கவரில் இட்டுப் பீடத்தில் வைப்பார்கள். அந்த ஆண்டு சாட்சி சொன்னவர்களில் பலர் சொன்னது ஒரே விதமாக இருந்தது. அன்று காலை கடற்கரைக்குப் போகத்தான் இருந்தோம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததால் போகவில்லை; வண்டி பழுதானதால் புறப்படத் தாமதமாயிற்று; கர்த்தர் எங்களைக் காத்துக்கொண்டார், அவருக்கு ஸ்தோத்திரம். சொன்னவர்கள் உண்மையான மனதோடு, கண்ணீரோடு சொன்னார்கள். தப்பிய மனிதனின் நெஞ்சிலிருந்து முதலில் வருவது அதுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு முன்வரிசையில், தன் மகளைக் கடலுக்குக் கொடுத்திருந்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சாட்சிக்குப் பின்னும் சபை ‘அல்லேலூயா’ என்றபோது அவருடைய முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொடுத்துக் காத்தவர் என் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அவர் எழுந்து கேட்டிருந்தால் எங்கள் ஒருவரிடமும் பதில் இருந்திருக்காது.

அன்றிலிருந்து என் உள்ளத்தில் உறுதிப்பட்ட எண்ணம் இது: பிறருக்கு வந்தது நமக்கு வராததற்காகச் சொல்லும் நன்றி, கிறிஸ்தவ நன்றியின் வாசற்படிதான், அங்கேயே தங்கிவிடக்கூடாது. தங்கினால், நமக்கும் ஒருநாள் அந்தக் காய்ச்சல் வராமல் போகும்போது, வண்டி சரியான நேரத்தில் கிளம்பிவிடும்போது, நன்றி சொல்வதற்கு நமக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைவிட மோசமானது, தப்பியவர்களைக் கர்த்தர் நேசித்தார் என்றால் மாண்டவர்களை அவர் நேசிக்கவில்லை என்று, வாயால் சொல்லாமலேயே, நாம் போதித்துவிடுகிறோம். இயேசு இந்தக் கணக்கை நேராகவே மறுத்திருக்கிறார். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில், சீலோவாமிலே கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரை அவரே நினைவுபடுத்தி, எருசலேமில் குடியிருக்கிற மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்கிறார். அப்படியல்ல என்கிறார். பிறகு கேட்டுக்கொண்டிருக்கிற நம்மையே மனந்திரும்பச் சொல்கிறார். ஏன் விழுந்தது என்பதற்கு அங்கே விளக்கம் இல்லை. இன்னும் நிற்கிற நீங்கள் எப்படி வாழப்போகிறீர்கள் என்ற கேள்வி இருக்கிறது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்த போதகர் ஐயர், வருடக் கடைசி ஆராதனையின் ஒழுங்கில் ஒரு சிறிய மாற்றம் செய்தார். சாட்சிகள் தொடங்குவதற்கு முன்னால், அந்த ஆண்டில் சபையில் மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, சபையார் எல்லாரும் எழுந்து நிற்க, அவர்களுடைய வாழ்வுக்காக நன்றி ஜெபம் செய்தார். அதன் பின் சாட்சிகளின் தொனியே மாறிவிட்டது. வீடு கட்டினோம், வேலை கிடைத்தது என்று சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் அதோடு, மரித்துப்போன அண்ணனோடு இத்தனை வருடம் வாழக் கிடைத்ததற்காகவும், நோயுற்ற மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளப் பெலன் கிடைத்ததற்காகவும் சொல்லத் தொடங்கினார்கள். இழந்தவர்களும் நன்றி சொல்ல இடம் கிடைத்தது. எங்கள் வட்டாரத்தில் வேறு சில சபைகளிலும் இப்போது அப்படிச் செய்கிறார்கள். எல்லாச் சபைகளும் செய்யவேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் எதற்கு நன்றி? வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு வானத்திலிருந்து மன்னா என்னும் உணவு இறங்கிய கதையில் இதற்கு ஒரு விடை இருப்பதாக நம்புகிறேன். யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தில், ஆளுக்கு ஓமர் என்னும் அளவில் ஒன்று வீதம் அன்றன்றைக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும்படி ஜனங்களுக்குச் சொல்லப்படுகிறது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீந்ததும் இல்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறைந்ததும் இல்லை. விடியற்காலம்வரை மீதி வைத்தவர்களின் பங்கு பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. நாற்பது வருஷம் அவர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள்: நாளைய உணவு கையில் இல்லாமல், ஆனால் இன்றைய உணவு இல்லாமல் ஒருநாளும் இல்லாமல். ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னதையும் கவனிக்கவேண்டும். அன்று சேர்த்து வைத்தது கெடவில்லை. ஆகவே சேமிப்பதே அவிசுவாசம் என்று இந்தப் பகுதியை வைத்து யாரும் வாதாட முடியாது. கர்த்தர் ஓய்ந்திருக்கச் சொன்ன நாளுக்காகச் சேர்ப்பதும், அவரை நம்பமுடியாமல் பதுக்குவதும் வெளியே பார்த்தால் ஒரே செயல், உள்ளே வேறு.

ஒவ்வொரு நாளையும் இப்படித்தான் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். இன்றைய நாள் நமக்கு வரவேண்டிய பாக்கி அல்ல. கொடுக்கப்படாமல் போயிருக்கலாம், கொடுக்கப்பட்டிருக்கிறது. எருசலேம் எரிந்து கிடந்தபோது எழுந்த புலம்பலின் நடுவில்தான், “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே” என்ற வாக்கும், அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்ற வாக்கும் வருகின்றன. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில் பூக்களுக்கு நடுவே அந்த வசனத்தைப் பார்த்துப் பழகிவிட்டதால், அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் பசியால் வீதிகளில் சுருண்டு விழும் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த ஊரில் மிஞ்சியவன், தான் தப்பியதைக் கொண்டாடிப் பேசவில்லை. இன்னொரு காலை வந்திருப்பதைக் கண்டு, அதைக் கொடுத்தவரைப் பற்றிப் பேசுகிறான்.

இதை அன்றாடப் பழக்கமாக்குவதற்கு லுத்தரன் சபையாராகிய எங்களுக்கு ஞானோபதேசம் என்ற சிறு புத்தகம் உண்டு. சபையில் முழு அங்கமாக ஏற்கும் திடப்படுத்தல் என்னும் சடங்குக்கு முன் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற அதே நூல்தான். மார்ட்டின் லுத்தர் 1529-இல் வெளியிட்ட அந்நூலைத் தமிழுக்கு முதலில் கொண்டுவந்தவர் சீகன்பால்குவே. அதில் காலை ஜெபம் ஒன்றும் மாலை ஜெபம் ஒன்றும் இருக்கின்றன. காலையில், இந்த இரவு எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காத்ததற்காக நன்றி சொல்லிவிட்டு, மகிழ்ச்சியோடு உன் வேலைக்குப் போ என்கிறது. மாலையில், இந்தப் பகலுக்கு நன்றி சொல்லி, செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டு, சரீரத்தையும் ஆத்துமாவையும் அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, உடனே நிம்மதியாகத் தூங்கு என்கிறது. அவ்வளவுதான். பள்ளியில் படிக்கும்போது இது மிக எளிதாகத் தோன்றியது. அந்த நூல் வெளியாவதற்கு முந்தைய ஆண்டு, 1528 ஆகஸ்டில், லுத்தர் தம் கைக்குழந்தை எலிசபெத்தை அடக்கம் செய்திருந்தார் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். மரணம் வீட்டுக்குள் வந்து போயிருந்த ஒரு தகப்பன், ‘நிம்மதியாகத் தூங்கு’ என்று எழுதியிருக்கிறார். அறிந்தபின் அந்த வரியை முன்போல் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை.

அதே நூலில் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரம்’ என்ற மன்றாட்டுக்கு வருகிற விளக்கமும் எனக்கு மிகவும் பிடித்தது. ஆகாரம் என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டு, உணவு, உடை என்று தொடங்கி, பாதரட்சை, வீடு, நிலம், நல்ல துணை, நல்ல பிள்ளைகள், நல்ல அரசு, நல்ல பருவநிலை, சமாதானம், சுகம், உண்மையான சிநேகிதர், நம்பத்தக்க அண்டைவீட்டார் என்று நீட்டிக்கொண்டே போகிறது அது. என் அம்மா இந்தப் பட்டியலைத் தம் குடும்ப ஜெபத்தில் இன்னும் நீட்டினார். பால் கொண்டுவருகிறவர், பிள்ளைகளை ஏற்றிப்போகிற பேருந்து ஓட்டுநர், தெருக் கூட்டுகிறவர், மருந்துக் கடைப் பையன் என்று அன்றைய பகலில் யார் யார் கையிலிருந்து எது எது வந்ததோ அத்தனை பேரையும் சொல்லி நன்றி சொல்வார். சாப்பாடு ஆறுகிறது என்று நாங்கள் முணுமுணுத்தால், “தம்பி, இவர்களில் ஒருவர் நாளைக்கு இருப்பாரோ மாட்டாரோ, நாம் இருப்போமோ மாட்டோமோ, இன்றைக்கே சொல்லிவிடுவோம்” என்பார். அதில் பயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கொடுக்கவேண்டியதை நேரத்தில் கொடுத்துவிடுகிற குடும்பத்தலைவியின் ஒழுங்குதான் இருந்தது.

நன்றி சாப்பாட்டுப் பலகையில் கற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்று நான் நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீகன்பால்குவின் சாக்சனியிலேயே, அவருக்கு முந்தைய நூற்றாண்டில், ஐலன்பர்க் என்னும் மதில் சூழ்ந்த ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போரில் படைகளுக்கு அஞ்சிய அகதிகள் அந்த ஊருக்குள் வந்து நெருங்கினார்கள். 1637-இல் கொள்ளைநோய் பரவியது. மற்றப் போதகர்களில் இறந்தவர் போக, வெளியேறியவர் போக, அவர் ஒருவர்தான் மிஞ்சினார். சில நாட்களில் நாற்பது ஐம்பது பேரை அடக்கம் செய்தார். அந்தக் காலத்தில் அவர் அடக்கம் செய்தவர்கள் 4,000 பேருக்கு மேல். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். உலகமெங்கும் லுத்தரன் சபைகள் இன்றும் பாடுகிற மிகப் பெரிய நன்றிப்பாட்டை இயற்றியவர் இவர்தான். பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து அதை எழுதினார் என்று உருக்கமாகப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு, கொள்ளைநோய்க்குச் சற்று முன், பிள்ளைகளோடு உணவுவேளையில் சொல்லும் ஜெபமாகவே பிறந்தது என்று கருதப்படுகிறது. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது. கொடிய நாளில் திடீரென்று முளைத்த வீரம் என்பதைவிட, சாதாரண நாட்களில் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் பழகிய நன்றி கொடிய நாளிலும் அவரைக் கைவிடவில்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

இந்த நன்றி வாயோடு நின்றுவிடாமல் இருப்பதற்கு மீண்டும் யாக்கோபிடம் போகவேண்டும். புகையைப் பற்றிச் சொன்ன உடனே அவர் சொல்வது, நன்மைசெய்ய அறிந்திருந்தும் செய்யாமற்போனால் அது பாவம் என்பது. அதற்குச் சில வசனங்கள் தள்ளி, வயல்களை அறுத்த வேலைக்காரரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். ஆயுளின் நிச்சயமின்மையிலிருந்து கூலிக்கு வர அவருக்கு நெடுநேரம் ஆகவில்லை. லேவியராகமத்தில், கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று இருக்கிறது. நமக்கு நாளை உண்டு என்ற எண்ணத்தில்தான் நாம் பிறருக்குச் சேரவேண்டியதைத் தள்ளிப்போடுகிறோம். வீட்டு வேலை செய்கிற அம்மாவின் சம்பளம், கொத்தனாருக்கு வைத்த பாக்கி, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்லி வைத்த கைமாற்று ஆகிய யாவும் நம் நாளைகளின் மேல் நாம் எழுதிக்கொடுத்த பத்திரங்கள். நாளை நம்முடையதல்ல என்று ஆலயத்தில் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து நாளையின் பேரில் கடன் சொல்வது பொருந்தாது.

மனவருத்தங்களும் அப்படியே. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியவேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை, திருமண ஆராதனைகளில் தம்பதிகளுக்குப் புத்திமதியாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். சொத்துப் பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள், ஒரே ஆலயத்தில் வலப்புறமும் இடப்புறமும் உட்கார்ந்து ஆண்டுக்கணக்காகத் திருவிருந்து எடுக்கிறதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் பெட்டிக்குள் படுத்திருக்க, மற்றவர் அதன் விளிம்பைப் பிடித்துக் கதறுகிற அடக்க ஆராதனைகளும் எத்தனையோ நடந்திருக்கின்றன. அந்தக் கதறலில் நேற்று வரை இருந்த நாட்கள் அத்தனையும் இருக்கின்றன.

உயில் எழுதுவது, வங்கிக் கணக்குக்கு நியமனதாரர் பெயரைக் கொடுப்பது, காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறதென்று மனைவியிடம் சொல்லிவைப்பது முதலியவற்றை அபசகுனமாக நினைக்கும் விசுவாசிகள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். மரணத்தைப் பற்றி அவ்வளவு பாடுகிறவர்கள் அதற்காக ஒரு தாளில் கையெழுத்திடத் தயங்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நம்மை நம்பியிருப்பவர்களுக்கு நாம் செய்யும் கடைசி உபசாரம் அது. அதற்குமேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும், நன்றி வராத நாட்கள் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. வேதபுத்தகமே அப்படிப்பட்ட நாட்களுக்கு இடம் வைத்திருக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் புலம்பலில் தொடங்கி, பெரும்பாலான புலம்பல் சங்கீதங்களைப் போல் துதிக்குத் திரும்பாமல், இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபமென்றே ஏற்றுத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்ற வசனத்தைத் துக்க வீட்டில் எடுத்து நீட்டுகிறவர்கள், அது எழுதப்பட்ட நிருபத்தின் முந்தைய அதிகாரத்தையும் வாசிக்கவேண்டும். தங்களில் சிலர் மரித்துப்போனதால் கலங்கியிருந்த தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதம் அது. பவுல் முதலில் அவர்களுடைய துக்கத்தோடு பேசுகிறார். நித்திரையடைந்தவர்களைப் பற்றிய நம்பிக்கையைச் சொல்லி, இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்கிறார். திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான் ஸ்தோத்திரத்துக்கு வருகிறார். தேற்றாதவனுக்கும் தாங்காதவனுக்கும் அந்த வசனத்தைக் கையில் எடுக்க உரிமை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு அவனோடு பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று அங்கே யாரும் அளக்கவில்லை. சுமந்தவர்களுடையது போதுமானதாக இருந்தது. கணவனை இழந்து மூன்றாம் நாள் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம், நன்றி சொல்லுங்கள் சகோதரி, எல்லாம் நன்மைக்கே என்று சொல்வதற்குப் பதிலாக நாம் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இரவில் துணைக்கு யார் படுத்துக்கொள்வது, வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் யார் கூடப் போவது, பிள்ளையின் இந்தப் பருவக் கட்டணத்துக்கு என்ன வழி என்று விசாரித்து, அதற்கு ஆள் வைத்துவிட்டு, பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அவருடைய வீட்டிலேயே உட்கார்ந்து பாடலாம். அவர் பாடவேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து, அவருக்குப் பெலன் வரும்வரைக்கும், மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கலாம்.